நூற்றுக்கு நூறு - யாரை விட்டுவிட்டு?

மே மாதம் வந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிறது. மாவட்டவாரியாகப் பட்டியல், பாடவாரியாகப் பட்டியல், முதலிடம் எவருக்கு, கடைசி இடம் எவருக்கு என்ற ஆராய்ச்சி! 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதிலும் தேறியோர் நூற்றுக்கு 93.80. மாணவியர் 95.88, மாணவர் 91.74. மகிழ்ச்சிதான், மறுப்பார் யார்? பாட்டன் கைநாட்டு, முப்பாட்டன் கைநாட்டு என்றிருந்த குடும்பத்திலே பேத்தி பத்தாவது தேறினாள் என்றால், அந்தக் களிப்பைக் கொண்டாட நமக்கில்லாத உரிமை வேறு எவருக்கு உண்டு?

ஆனால் தோழர்களே, பட்டியலின் அடிப்பகுதியிலே சில சின்னஞ்சிறு பள்ளிகள் கிடக்கும். அவற்றின்மீது "பின்தங்கிய பள்ளி" என்று முத்திரை விழும். தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டு ஓலை போகும். அந்த முத்திரை எப்படித் தயாராகிறது என்பதை அறிய வேண்டுமானால் பழவேற்காட்டுப் பாலத்தின்மீது சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். நாம் நின்று பார்த்தோம்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளிலே சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி நம்முடையது. 1613-இல் டச்சுக்காரன் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினான். துணியையும் மனிதரையும் இங்கிருந்துதான் கப்பலேற்றினான். ஆம், மனிதரையும், அடிமைகளாக! அந்த டச்சுக்காரனின் கல்லறைகளுக்கு இன்று தொல்லியல் துறையின் வேலியும் காவலும் உண்டு. நல்லது, வரலாறு காக்கப்பட வேண்டியதே. கல்லறைக்கு அப்பால் வாழ்கிறவனின் பிள்ளையை எந்தப் பதிவேடு காக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

ஏரிக்கரைப் பள்ளி ஒன்றின் ஒரே பெஞ்சிலே யார் யார் உட்கார்கிறார்கள்? பட்டினவர் குப்பத்துப் பிள்ளை - சர்க்கார் கணக்கிலே மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பனையோலைக் கூடை முடையும் முஸ்லிம் வீட்டுப் பெண். தாழ்த்தப்பட்ட தோழரின் மகன். மாதா கோயில் மணியோசைக்கு எழுகின்ற கிறித்துவ மீனவர் மகள். முழங்கால் நீரிலே குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுச் சிறுவன். அவனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே ஒரு பொதுத் தேர்வு! தந்தை எந்தப் பள்ளியில் படித்தார் என்று அலுவலகத்திலே கேட்பார்கள். தந்தை பள்ளிக்கே போகவில்லை என்பதனால்தானே மகன் சான்றிதழ் கேட்கிறான்?

தண்ணீரிலும் வரிசை உண்டு. பாடு என்று ஒரு முறை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்பதைக் குப்பத்தார் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். எந்தச் சட்டப் புத்தகமும் எழுதித் தராத ஏற்பாடு. பங்கீட்டை இவர்களிடம் பாடம் கேட்கலாம்! ஆனால் அந்தப் பாடு எல்லோருக்கும் இல்லை. பாடு இல்லாதவனுக்குக் கைதான் வலை. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்து, கடல்நீர் வரத்துக் குறைந்தால் பாடு உள்ளவன் வீட்டிலும் உலை கொதிக்காது. அப்போது பதினைந்து வயதுப் பையனின் இரு கைகள் வீட்டுக்குத் தேவைப்படுகின்றன. ஏரியில் இறால் ஓடுவது பருவமழைக் காலத்திலே. அரையாண்டுத் தேர்வும் அந்தக் காலத்திலேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தேர்வைத் தள்ளி வைத்தார்கள். இறாலுக்காக எவரும் தள்ளி வைப்பதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். துறைமுகத்தில் மூட்டை எண்ணிப் பழகிய தோழர்களுக்கு இது கடினமல்ல.

ஒரு சிறு பள்ளி. பத்தாம் வகுப்பில் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் தவறினால் 95. மாநில சராசரிக்கு மேலே, பாராட்டு. இருவர் தவறினால் 90. சராசரிக்குக் கீழே, விளக்க ஓலை! ஒரே ஒரு பையன் காய்ச்சலோடு கணக்குப் பரீட்சை எழுதினான் என்பதற்காக ஒரு பள்ளிக்கூடமே மேலிருந்து கீழே விழுகிறது. ஐந்நூறு பேர் படிக்கும் நகரத்துப் பள்ளியிலே அந்த ஒருவன் காற்புள்ளிக்குக்கூடக் காணமாட்டான்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். தேறமாட்டார்கள் என்று தெரிந்த அந்த இருவரும் ஒன்பதாம் வகுப்போடு படகேறிவிட்டால்? எழுதியவர் பதினெட்டு, தேறியவர் பதினெட்டு, நூற்றுக்கு நூறு! மாலை, மேளம், நாளேட்டில் படம்! இரு பிள்ளைகளை இழந்த பள்ளிக்குப் பரிசு, அவர்களைப் பிடித்து இழுத்து உட்காரவைத்த பள்ளிக்குப் பழி. இது எந்த ஊர் நியாயம்? ஆசிரியரை நாம் குறை சொல்லவில்லை. குப்பத்துக்கே நடந்துபோய், வலை பின்னிக்கொண்டிருந்த பையனைக் கையோடு அழைத்துவரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை அளக்க அந்தப் பட்டியலிலே கட்டம் இல்லை.

ஐந்திலும் எட்டிலுமே பொதுத் தேர்வு என்று 2019-இல் அரசாணை போட்டார்களே, நினைவிருக்கிறதா? எதிர்ப்புக் கிளம்பி 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அது நின்றிருந்தால் பதினாறில் படகேறுகிறவன் பத்திலேயே ஏறியிருப்பான்.

பாலத்திலிருந்து வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் திசை. ராக்கெட் எழும்பும் நாளிலே மீனவனைக் கடலுக்குப் போகாதே என்பார்கள். அவன் பிள்ளைகள் கரையிலே நின்று வானத்தைப் பார்ப்பார்கள். இராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம் தலைமையேற்றுச் செய்த எஸ்.எல்.வி.-3, 1979 ஆகஸ்டில் இதே வங்கக் கடலிலே விழுந்தது. 1980 ஜூலையில் மறுபடி ஏவினார்கள், வென்றார்கள். நடுவிலே எவரும் அதைப் "பின்தங்கிய ராக்கெட்" என்று ஓரங்கட்டவில்லை. தெற்கே திரும்பினால் காட்டுப்பள்ளித் துறைமுகம், அனல்மின் நிலையங்கள். அங்கே பொறியாளர் நாற்காலியில் எத்தனை குப்பத்துப் பிள்ளைகள், வாயிற்காவலில் எத்தனை?

வழி இல்லாமலில்லை. கேரளத்திலே மீனவர் பிள்ளைகளுக்கென்றே அரசினர் மண்டல மீன்வளத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகளை நடத்துகிறார்கள். தானூர், சாவக்காடு, கொயிலாண்டி போன்ற கடலோர ஊர்களில் அவை இருக்கின்றன. தங்குமிடம், உணவு, படிப்பு எல்லாம் அரசின் பொறுப்பு. மற்றப் பாடங்களோடு மீன்வளமும் ஒரு பாடம். தந்தை கடலில் இருந்தாலும், வீட்டில் உலை அணைந்திருந்தாலும் பையனுக்குச் சாப்பாடும் விளக்கும் உண்டு. பழவேற்காட்டுக்கு அப்படியொன்று ஏன் கூடாது?

"ஆகா, அகப்பட்டீர்கள்! 1953-இல் ஆச்சாரியார் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றபோது குலக்கல்வி என்று கொதித்தவர்கள், இன்று மீனவன் மகனுக்கு மீன் பள்ளியா?" என்று நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். நல்ல கேள்வி. நாமும் இரண்டு நாள் யோசித்தோம். ஆச்சாரியார் திட்டம் பிள்ளையை அரைநாள் பள்ளியை விட்டு வெளியே அனுப்பியது. அதனால்தான் அடுத்த ஆண்டே காமராசர் அதைக் கைவிட்டார். நாம் கேட்பது பிள்ளையை முழுநாளும் இரவும் பள்ளியிலே வைத்திருக்கும் ஏற்பாடு. கடலைப் பற்றிய விஞ்ஞானம் அங்கே பாடமாகட்டும், ஆனால் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது. படித்து முடித்தவன் மருத்துவனாகலாம், மாவட்ட ஆட்சியராகலாம். விரும்பினால் பக்கத்துப் பொன்னேரியிலே இருக்கின்ற மீன்வளக் கல்லூரிக்குப் போகலாம். அந்தக் கல்லூரிக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலே அறிவியல் படித்திருக்க வேண்டும். ஒன்பதிலே படகேறியவனுக்கு அதன் மதிற்சுவர்தான் தெரியும். அப்பன் தொழில் ஒன்றே கதி என்று அந்தப் பள்ளி ஆகுமானால், முதல் கண்டனக் கூட்டத்தை நாமே போடுவோம். இருளர் பிள்ளைக்கும், பாடு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே முதலிடம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். மீனவர் பள்ளி என்று பெயர் வைத்து வலை உள்ளவனை மட்டும் உள்ளே விட்டால், ஏரியின் பழைய வரிசை வகுப்பறைக்கும் வந்துவிடும்.

அது வரும்போது வரட்டும். செலவே இல்லாத ஒரு காரியம் இப்போதே செய்யலாம். தேறியோர் விழுக்காட்டுக்குப் பக்கத்திலே, இரண்டாண்டுக்கு முன் எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சிடட்டும். அடுத்த முடிவு வெளியாகும் நாளில் ஏரிக்கரைக் குப்பங்களிலுள்ள தோழர்கள் தத்தம் பள்ளிக்குப் போய்ப் பணிவாகக் கேளுங்கள்: எட்டில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர், நடுவிலே போனவர்கள் எங்கே? பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அஞ்சலட்டையில் எழுதியனுப்பினால் இதே பத்தியில் வெளியிடுகிறோம்.