எஞ்சின் மாற்றிய உழவு இயந்திரத்திற்குப் பழைய ரேடியேற்றரைப் பொருத்தும் முறை

தேய்ந்துபோன எஞ்சினை நீக்கி வேறொரு எஞ்சினைப் பொருத்துவதால் பழைய உழவு இயந்திரம் மீண்டும் பயன்படக்கூடியதாகிறது. இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பேர்குசன் ரி.ஈ.20 இயந்திரங்கள் சிலவற்றிற்குப் பேர்க்கின்ஸ் பி3 என்னும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டமை இதற்கு உதாரணமாகும். ஆயின் இம்மாற்றத்தின்போது ரேடியேற்றர் கவனிக்கப்படாவிடின், சேற்றுழவின் நடுவே நீர் கொதித்து, சிலிண்டர்த் தலை வளைந்து, விதைப்புக் காலமும் தவறிவிடும்.

வெப்பத்தின் அளவு

எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய அதே அளவு புகையுடன் வெளியேறும். மீதியிற் பெரும்பங்கை நீர் ரேடியேற்றருக்குச் சுமந்து வருகிறது. ஆகவே புதிய எஞ்சினின் குதிரைவலு பழையதற்குச் சமமாயின் பழைய ரேடியேற்றர் போதியதாகலாம். வலு கூடுதலாயின், மேல், கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு, கூடுதலான குழாய் வரிசைகளையுடைய நடுப்பகுதியைப் பொருத்துவித்தல் நன்று.

பொருத்துமுன் செய்யவேண்டியவை

1. செட்டைகளிடையே படிந்த வைக்கோல் தூசியையும் சேற்றையும், விசிறியின் பக்கமிருந்து நீர் பாய்ச்சி அகற்றுக. செட்டைகள் வளையாதவாறு நீரின் விசையை அளவாக வைத்தல் வேண்டும்.

2. உட்குழாய்களிற் படிந்த சுண்ணாம்பை நீக்குவிக்குக. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவதால் இப்படிவு அங்கு மிகுதி. மழை நீருடன் துருத்தடுப்புத் திரவத்தைக் கலந்து பாவித்தல் சிறந்தது.

3. மூடியின் அமுக்கத்தைக் கவனிக்குக. சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் அமுக்க மூடி, நீர் கொதிக்கும் வெப்பநிலையை ஏறக்குறைய 111 பாகை சென்ரிகிரேட்டுக்கு உயர்த்தும். ஆயினும் குறைந்த அமுக்கத்திற்கெனச் செய்யப்பட்ட பழைய ரேடியேற்றருக்கு உயர்ந்த அமுக்க மூடி இடலாகாது. பற்றாசு வைத்த மூட்டுகள் பிரியும்.

பொருத்தும் முறை

ரேடியேற்றரின் குழாய்வாய் எஞ்சினின் வாயிலும் சிறிதாயின் நீரோட்டம் தடைப்படும். பித்தளைத் தொட்டியாயின், ஏற்ற அளவான குழாய்வாயைப் பற்றாசு வைத்துப் பொருத்துவிக்கலாம். கீழ்க்குழாயில் நீர் உறிஞ்சப்படுவதால், அது சப்பையாகாதவாறு உள்ளே கம்பிச் சுருள் இருத்தல் வேண்டும்.

மேற்றொட்டி எஞ்சினின் நீரறைகளினும் உயரமாயிருத்தல் அவசியம். அவ்வாறு அமையாவிடின், காற்று சிலிண்டர்த் தலையில் தங்கி அவ்விடத்தைச் சுடச்செய்யும். அந்நிலையில் உயர்வான இடத்திற் சிறு நீர்த்தொட்டியொன்றை அமைத்து, காற்று வெளியேறும் குழாயை அதனுடன் இணைத்தல் வேண்டும்.

விசிறி நடுப்பகுதியின் மையத்திற்கு நேரே நிற்க, அதனைச் சுற்றித் தகட்டு உறை அமைக்குக. விசிறி காற்றை எப்பக்கம் செலுத்துகிறதெனவும் பார்த்தல் அவசியம். இலைகளைத் திருப்பிப் பூட்டினாற் காற்று குறையும். எஞ்சினின் அதிர்வு ரேடியேற்றரைத் தாக்காதவாறு ரப்பர் மெத்தைகளின்மேல் இருத்துக.

தேர்மோஸ்ரற்றை அகற்றுதல் தவறான வழக்கமாகும். அது இல்லாத எஞ்சின் குளிர்ந்தே ஓடித் தேய்வதுடன், சில எஞ்சின்களில் நீர் ரேடியேற்றருக்குச் செல்லாது சுற்றுவழியே திரும்பவும் கூடும்.

சோதனை

வயலிற் கடும் வேலை கொடுத்து, வெப்பமானியைக் கவனித்து ஓட்டுக. சூடேறின், மேல், கீழ்த் தொட்டிகளின் வெப்பத்தை ஒப்பிடுக. மேற்றொட்டி மிகச் சூடாகவும் கீழ்த்தொட்டி குளிர்ந்தும் இருப்பின், நீர் ஓடவில்லை. குழாய் அடைப்பையும் பம்பியையும் சோதிக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின், காற்றுப் போதவில்லை, அல்லது ரேடியேற்றர் சிறிது. முதலில் விசிறிப் பட்டியின் இறுக்கத்தையும் உறையையும் திருத்துக.

சூடான எஞ்சினின் மூடியை எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. பீறிடும் கொதிநீர் முகத்தையும் கண்களையும் பொசுக்கும். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின்னரே திறத்தல் வேண்டும்.

இச்சோதனைகளைப் பெரும்போக மழை தொடங்குமுன் முடித்துக்கொள்ளும் கமக்காரர், உழவு நாட்களில் இயந்திரம் நின்றுவிடும் இழப்பைத் தவிர்த்துக்கொள்வர்.