லில்லியை மொட்டையடிக்கும் புழு

ஐப்பசி மழை விழுந்ததும் தூத்துக்குடி வீட்டுத் தொட்டிகளில் லில்லிக் கிழங்குகள் முளைவிடும். கூடவே புழுவும் வந்துவிடும். முந்தின நாள் பச்சையாக நின்ற செடி மறுநாள் வெறும் தண்டாக நிற்கிறது என்றால், பெரும்பாலும் லில்லிப் புழுவின் வேலைதான்.

கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் அங்கங்கே சிவப்பும் கொண்ட புழு இது. தாய் அந்துப்பூச்சி இலையில் கொத்தாக முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் ஒன்றாகக் கூடி இலையின் பச்சையத்தைச் சுரண்டும். வளர்ந்ததும் பிரிந்துபோய் இலை, மொட்டு எதையும் விடாது. பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

இதன் பழைய உணவு நம் மாநில மலரான செங்காந்தள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கு அதுதான். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாத மருந்தாகிறது. அளவு மீறினால் மனிதரைக் கொல்லும். அந்த நஞ்சுச் செடியைத் தின்றே இந்தப் புழு கொழுக்கிறது. மழை லில்லி, ஸ்பைடர் லில்லி போன்றவையும் அதற்குப் பிடிக்கும்.

இலைதானே, மறுபடி துளிர்க்கும் என்று விட்டுவிடக் கூடாது. இலை சமைத்த உணவுதான் கிழங்கில் சேமிப்பாகிறது. இலை போனால் கிழங்கு சிறுக்கும், அடுத்த பருவத்தில் பூ குறையும். முட்டைக் கொத்துள்ள இலையைக் கிள்ளி எறிவதும், புழுவைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதும் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். செங்காந்தளைத் தொடும்போது கையுறை அவசியம். செடி அதிகமென்றால், லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். தொட்டி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்களும் வெளியே வரும்.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வருவது. ஐரோப்பாவின் நார்சிசஸ் கிழங்கு ஈ, கிழங்குக்குள் புழுவாக ஒளிந்து கப்பலேறித்தான் வட அமெரிக்காவுக்கும் நியூசிலாந்துக்கும் போனது. வெளியே பார்த்தால் கிழங்கு முழுசாகத்தான் இருக்கும். அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், உள்ளே கூழ். இதுபோன்றவற்றைத் தடுக்கத்தான் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, நடவுக்கு வரும் கிழங்குகளுக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் கேட்கிறது. தூத்துக்குடி துறைமுகத்திலும் இந்தச் சோதனை உண்டு.

கப்பலில் வேலைபார்க்கும் உறவினரிடம் பையில் நாலு கிழங்கு போட்டு வரச் சொல்லாதீர்கள். உள்ளூர் நர்சரியில், அமுக்கிப் பார்த்துக் கெட்டியான கிழங்காக வாங்குங்கள்.