நிவாரணம் வேற, காப்பீடு வேற: புயலுக்குப் பிறகு உழவர் செய்ய வேண்டியவை

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எங்க தென்னந்தோப்புகள் சாய்ந்த கதை உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. அடுத்த மாதங்களில் யாருக்குப் பணம் வந்தது, யாருக்கு வரல, ஏன் என்று பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்றேன். அடுத்த புயலுக்கு முன்னாடி உங்களுக்கு அது உதவும்.

இரண்டு பணம், இரண்டு வழி

நிவாரணம் அரசு கொடுப்பது. அதுக்கு பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை. கஜாவின்போது சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவிச்சாங்க. பயிர்களுக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்றால்தான் கணக்கில் வரும். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு நெல், இறவைப் பயிர்களுக்கு எக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. வருவாய்த் துறையும் வேளாண், தோட்டக்கலைத் துறைகளும் சேர்ந்து கணக்கெடுக்கும்.

காப்பீடு வேற. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு நாம கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஊர் முழுக்க விளைச்சல் குறைந்தால் தனித்தனியா விண்ணப்பம் கிடையாது. வருவாய்க் கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, முந்தைய 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை வைத்துப் போட்ட கணக்கோடு ஒப்பிடுவாங்க. குறைந்தால் கிராமத்தில் காப்பீடு செய்த எல்லாருக்கும் வரும்.

ஆனா அறுத்து வயலில் காயப் போட்ட கதிர், 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால் அது தனி ஆள் இழப்பு. 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ, வங்கியிலோ, வேளாண் அலுவலரிடமோ தகவல் பதிவாகணும். பதிவு எண்ணைக் குறிச்சு வைங்க.

அடங்கலில் இல்லாத பயிர்

இயற்கை விவசாயிக்கு அடி விழுற இடம் இதுதான். நாம ஒரே பயிர் வைக்கிறதில்லை. எங்க ஊர்ல ஒருத்தர் தென்னைக்கு நடுவில் வாழை, கோகோ, மிளகு என்று அடுக்கடுக்கா வளர்த்திருந்தார். அடங்கலில் தென்னை மட்டும்தான் இருந்தது. கணக்கும் தென்னையோட நின்னுபோச்சு. பல வருஷ உழைப்பு காகிதத்தில் இல்லவே இல்லை. அதனால கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி ஊடுபயிரையும், வரப்பு மரத்தையும் எழுத வையுங்க. ஐப்பசிக்கு முன்னாடியே தேதியோட போட்டோ எடுத்து வைங்க.

குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். பயிர் இவருடையது, பட்டா வேறொருத்தர் பேரில். பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்ட்டா திரும்ப வாங்குறது லேசில்லை. சாகுபடி செய்றவர் பெயர் அடங்கலில் ஏறணும். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பதிவு செய்யவும் வழி இருக்கு.

கணக்கெடுக்க வரும்வரை மரத்தை அகற்றாமல் இருக்க முடியாது. அகற்றும் முன் ஒவ்வொரு மரத்தையும் படமெடுங்க. அடிக்கட்டையை விட்டு வைங்க, எண்ணிக் காட்டலாம்.

“வாங்கித் தர்றேன்” என்பவர்

புயல் ஓய்ஞ்ச கையோட இவங்க வந்துருவாங்க. “அண்ணே, மேலிடத்தில ஆள் இருக்கு, பத்துக்கு ஒண்ணு குடுத்தா காப்பீட்டுத் தொகையைக் கூட்டி வாங்கித் தர்றேன்” என்பாங்க. கிராமத்துக்கே ஒரே சராசரி என்கிறபோது உங்க வயலுக்கு மட்டும் எப்படிக் கூட்டுவார்? இந்த ஒரு கேள்வி கேட்டா ஆள் நழுவிருவார்.

நிவாரணம் நேரா வங்கிக் கணக்குக்கு வருது. அதுக்கு ஓடிபி, ஏடிஎம் பின் எண் எதுவும் வேண்டாம். வாட்ஸப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீங்க. பணம் போயிருந்தா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. பொது சேவை மையத்தில் காப்பீட்டுப் பதிவுக்கு பிரீமியம் தவிர தனிக் கட்டணம் கிடையாது.

நம்பிப் போகக்கூடிய இடம்

பட்டியலில் பேர் விட்டுப்போனால் மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்க. பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளுக்குள் பதில் தரணும்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒண்ணு: வெள்ளம், வறட்சி, பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வருமான வரம்பு பார்க்க மாட்டாங்க. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்குப் பேசலாம்.

தனியாப் போனா “நாளைக்கு வாங்க” என்பாங்க. ஊர்ல பத்துப் பேர் அடங்கல் நகலோட, படங்களோட, ஒரே நாளில் போங்க. அன்னைக்கே மனுவில் முத்திரை விழும்.