ஒழுகாமல் குறைந்த எண்ணெய்

ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு முப்பத்தாறு ஆண்டுகள் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். "கியர் பாக்ஸைப் பற்றி எழுதினால் நம் மலரில் யார் சார் படிப்பார்கள்?" என்று ஆசிரியரிடம் கேட்டேன். "நம் அங்கத்தினர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வருகிறார்கள், அங்கே பொழுது போகாமல் தவிக்கிறார்கள், நீங்கள் எழுதுங்கள்" என்றார். எழுதிவிட்டேன்.

சென்ற கோடையில் ஒஹாயோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் வாசலில் ஒரு மோட்டார் ஹோம் நின்றது. பஸ் போல நீளம். உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. 1976-ஆம் வருஷத்து ஜிஎம்சி, 26 அடி. ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வண்டியை 1973 முதல் 1978 வரைதான் செய்தது. மொத்தமே சுமார் 13,000 வண்டிகள். ஆகவே வைத்திருப்பவர்கள் பாட்டி நகையைப் போலப் பாதுகாக்கிறார்கள்.

அந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லை. டென்வரில் இருக்கும் தங்கையை ஒரு முறை பார்த்துவிட வேண்டும், விமானம் ஒத்துக்கொள்ளாது, இந்த வண்டியில் படுத்துக்கொண்டே போகலாம் என்று திட்டம். ஆனால் வண்டி தகராறு செய்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற வேண்டிய வேகம் தாண்டியும் மாறாமல் உறுமும்; பிறகு முதுகில் அடித்தாற்போல் ஒரு குலுக்கலோடு மாறும். முன்னூறு மைலுக்கு ஒரு லிட்டர் வீதம் கியர் எண்ணெய் வேறு குறைந்தது. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும், சில ஆயிரம் டாலர் ஆகும் என்றார்களாம். வண்டியை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

நான் வண்டியைப் பார்க்கவில்லை, அது நிற்கும் தரையைத்தான் முதலில் பார்த்தேன். சிமெண்டுத் தரை துடைத்து விட்டாற்போல் இருந்தது. ஒரு சொட்டுக் கறை இல்லை. எண்ணெய் குறைகிறது, ஆனால் ஒழுகவில்லை. அப்படியானால் எங்கே போகிறது?

இதற்கு விடை சொல்லுமுன் ஆட்டோமேடிக் கியர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுற்றவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். அதற்குப் பின்னால் பல் சக்கரங்கள். எந்தச் சக்கரம் சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கிளட்சுகள் தீர்மானிக்கின்றன. அந்தக் கிளட்சுகளை அழுத்துவதும் எண்ணெய்தான். ஆக எண்ணெயே ரத்தம், எண்ணெயே தசை.

எப்போது கியர் மாற்றுவது என்று பெட்டிக்கு இரண்டு பேர் தகவல் சொல்கிறார்கள். வண்டியின் வேகத்தைச் சொல்பவர் கவர்னர். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று சொல்பவர் வேக்குவம் மாடுலேட்டர். இது உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகர டப்பா. நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இதற்கு வரும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் எஞ்சின் காற்றை பலமாக உறிஞ்சும்; ஓங்கி மிதித்தால் உறிஞ்சல் குறையும். உறிஞ்சல் குறைந்தால் "பாரம் அதிகம்" என்று அர்த்தம். உடனே பெட்டி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டி, கியர் மாற்றுவதைத் தள்ளிப்போடும்.

சவ்வு கிழிந்தால்? உறிஞ்சல் டப்பாவில் நிற்காது. சமதரையில் போனாலும் மலை ஏறுவதாகவே பெட்டி நினைக்கும். கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும். அது மட்டுமா? கிழிசல் வழியாக எஞ்சின் கியர் எண்ணெயையும் உறிஞ்சி எரித்துவிடும். ஆசிரியரிடம், "புகைபோக்கியில் வெள்ளைப் புகை வருகிறதா?" என்று கேட்டேன். "ஆமாம், எஞ்சின் கிழடு தட்டிவிட்டது என்று நினைத்தேன்" என்றார்.

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூடிஎஸ்-4 ஷண்டிங் எஞ்சின் ஒன்று நகர மறுத்தது. அதுவும் எண்ணெயால் ஓடும் ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன்தான். டிப்ளமா படித்த மிதப்பில் இரண்டு நாள் பெட்டியைத் திறந்து குடைந்தேன். கடைசியில் வெளியே ஒரு காற்றுக் குழாயின் நட்டு தளர்ந்திருந்தது. வயதான மிஸ்திரி ஒருவர் விரலால் காட்டி, "சாப், பெஹ்லே பாஹர் தேக்கோ" என்றார். முதலில் வெளியே பார். அந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை.

மகளுக்கு நான் போவதில் இஷ்டமில்லை. "அப்பா, ஏதாவது ஆனால் நம் தலையில் விடியும், உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றாள். நான் எதையும் கழற்றவில்லை, ஆசிரியர் கையால்தான் கழற்ற வைத்தேன். எஞ்சினை அணைத்து, மாடுலேட்டரிலிருந்து குழாயை உருவச் சொன்னேன். சிவப்பாக எண்ணெய் வழிந்தது. அவ்வளவுதான் பரீட்சை. அந்தக் குழாயில் ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. புது டப்பா இருபது முப்பது டாலர்; ஒரே ஒரு போல்ட்.

குழாய் காய்ந்திருந்தால் சோதனை வேறு பக்கம் போயிருக்கும். வருஷக் கணக்கில் வெயிலில் நின்ற வண்டியில் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம்; அதிலும் இதே தாமதம் வரும், ஆனால் எண்ணெய் குறையாது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கியரை இறக்க ஒரு மின் சுவிட்ச் உண்டு. அது ஒட்டிக்கொண்டாலும் இப்படித்தான். எஞ்சின் வேகமெடுத்தும் வண்டி நகராமல் வழுக்கினால், முதல் சந்தேகம் எண்ணெய் அளவு, அடுத்தது அடைபட்ட ஃபில்டர், கடைசியில்தான் தேய்ந்த கிளட்ச்.

அளவு பார்ப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். இந்த வண்டியில் சமதரையில் நிறுத்தி, நன்றாக ஓடிச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே, பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். (பழைய டாட்ஜ் சேஸிஸில் வந்த மோட்டார் ஹோம்களில் நியூட்ரலில் பார்க்க வேண்டும்.) அதிகம் ஊற்றினாலும் கெடுதல், சக்கரங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் ஏது? குச்சியில் ஒட்டும் எண்ணெயை வெள்ளைக் காகிதத்தில் தொட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பாகித் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் கருகுகிறது. ஸ்ட்ராபெர்ரி பால் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது, அதற்குமேல் ஓட்டாதீர்கள். வெள்ளித் துகள் மின்னினால் பட்டறைக்காரர் சொன்ன செலவைச் செய்துதான் ஆக வேண்டும்.

ஜிஎம்சிக்கு இன்னொரு விசேஷம். ஏழரை லிட்டர் எஞ்சின் முன் சக்கரங்களை இழுக்கிறது. டர்போ ஹைட்ராமேட்டிக் 425 என்ற மூன்று கியர் பெட்டி எஞ்சினுக்குப் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அகலச் சங்கிலி. அதோடு ஒட்டியிருக்கும் டிஃபரென்ஷியலுக்குத் தனி எண்ணெய். கியர் எண்ணெயைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். வழியில் நின்றுபோனால் முன் சக்கரங்களைத் தூக்கித்தான் இழுத்துப் போக வேண்டும். எஞ்சின் ஓடாவிட்டால் எண்ணெய்ப் பம்பும் ஓடாது, பெட்டி வறண்டு தேயும்.

டப்பாவை மாற்றி, எண்ணெயையும் ஃபில்டரையும் புதிதாகப் போட்டோம். புகை ஓரிரு நாளில் நின்றது. கியர் வெண்ணெயாக மாறியது என்று சொல்ல மாட்டேன். காலைக் குளிரில் டிரைவில் போட்டதும் ஓர் இரண்டு விநாடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. நெடுநாள் நின்று இறுகிய ரப்பர் சீல்களின் வேலை அது. அதைச் சொல்லியே அனுப்பினேன்.

மேலும் இரண்டு சொன்னேன். மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், எஞ்சின் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கும், பிரேக்கை மிதியுங்கள். டென்வர் 5,280 அடி உயரம். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் எஞ்சினின் உறிஞ்சல் குறையும், அங்கே கியர் சற்றுத் தாமதித்தால் பயப்பட வேண்டாம்.

நம் ஊரில் இப்போது வாங்கும் ஆட்டோமேடிக் கார்களில் இந்த டப்பா கிடையாது. பலவற்றில் எண்ணெய் பார்க்கும் குச்சிகூடக் கிடையாது. அவற்றுக்குக் கம்பெனி கொடுத்த புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆசிரியர் டென்வரிலிருந்து மகளின் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். அக்கா தங்கை இருவரும் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஒரு வரி: "1,300 மைல். எண்ணெய் அதே கோட்டில்."