மெர்போக் பெயரில் புயல் உண்டு. மெர்போக்கிற்குப் புயல் வருமா?

மெர்போக் - கடந்த 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் அலாஸ்கா மேற்குக் கரையைக் கடும் புயல் தாக்கியது. கடலோரச் சிற்றூர்களில் நீர் புகுந்து வீடுகள் பெயர்ந்தன. அந்தப் புயலின் பெயர் மெர்போக்!

மேற்குப் பசிபிக் புயல்களுக்குச் சூட்ட மலேசியா வழங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று. நம் ஊரை அல்ல, கூண்டில் வளர்க்கப்படும் மெர்போக் புறாவைக் குறிக்கும் பெயர் அது.

அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் தைஃபூன், வங்காள விரிகுடாவில் சைக்ளோன் என்று அழைக்கப்பட்டாலும் எல்லாம் ஒரே வகைப் புயல்தான். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். 2020-இல் அங்கே 30 புயல்களுக்குப் பெயர் சூட்டப்பட்டது. பட்டியல் தீர்ந்து கிரேக்க எழுத்துகளை நாட வேண்டியதாயிற்று.

புயல் உருவாக, கடல்நீரின் வெப்பம் சுமார் 27 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பூமியின் சுழற்சி காற்றைச் சுழல வைக்க வேண்டும். நம் கடலில் வெப்பத்திற்குக் குறைவில்லை. ஆனால், பூமத்திய ரேகைக்கு அருகில் அந்தச் சுழற்றும் விசை மிகவும் பலவீனம். அதனால்தான் இங்குப் புயல் அரிது.

அரிது என்றால் வராது என்று பொருளல்ல. 2001 டிசம்பர் 27-இல் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவானது. சுமத்ராவில் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மெர்போக் வட்டாரத்திற்குப் புயலைவிட அருகில் இருக்கும் ஆபத்து குனோங் ஜெராய். கடலை ஒட்டி 1,200 மீட்டருக்கு மேல் நிற்கும் இந்த மலை, ஈரக் காற்றை மேலே தள்ளி மழையாக்குகிறது. 2021 ஆகஸ்ட் 18-இல் மலையில் கொட்டிய கனமழை, மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பகுதிகளில் இறங்கியது. உயிர்களும் பறிபோயின. புயல் எதுவும் கரையேறாமலே நேர்ந்த அழிவு அது.

கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்யலாம். தூப்பா போன்ற நீர்வீழ்ச்சிகளில் குளிக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலைகளும் கிளைகளும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ பொருள்களை எடுக்க நிற்கக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். அவசர உதவிக்கு 999.