ரோட்டில் தப்பு கண்டுபிடிக்கிறேன்!

"ஏன்க்கா, புது ரோடு போடப் போறீங்களா?"

ஒரகடம் பக்கம், டேப்பும் கையுமாக நின்ற என்னைக் கேட்டாள் ஒரு பெண். ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள்.

"இல்லேம்மா, போட்ட ரோட்டுல தப்பு கண்டுபிடிக்கிற வேலை" என்றேன். சிரித்துவிட்டாள்.

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று இதற்குப் பெயர். விபத்து நடந்தபின் விசாரிப்பது போலீஸ் வேலை. 'இங்கே நடக்கும்' என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் வேலை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2010-ல் இதற்கென்று கையேடே போட்டது. பகலிலும் பார்க்கணும், இருட்டிய பிறகும் பார்க்கணும். (ராத்திரி வேலையை என் மாமியார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!)

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோட்டில் டிரெய்லரும் லாரியும் ஓயாது. பஸ் ஏறுவது ஒரு பக்கம் என்றால் இறங்குவது எதிர்ப் பக்கம். எப்படியும் தினம் ஒரு தடவை ரோட்டைக் கடந்தே ஆகணும்.

ஒரு தடம் மூன்றரை மீட்டர். மூன்று தடம் தாண்டினால்தான் நடுத்திட்டு. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகக் கணக்கு. அப்படியானால் சுமார் 9 நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதற்குள் 150 மீட்டர் ஓடி வந்துவிடும்! சரி, இடுப்பில் குழந்தை இருந்தால்? எங்கள் தெருவில் சாக்கட்டியால் கோடு போட்டு, புடவையோடு, பத்து கிலோ அரிசிப் பையைச் சுமந்து நடந்து பார்த்தேன். 13 நொடி ஆயிற்று. லாரிக்கு அது 200 மீட்டருக்கும் மேல்.

ஒரு தணிக்கையில், பஸ் நிற்கும் இடத்திலேயே கடக்க வழி வேண்டும் என்று எழுதினேன். "அரைக் கிலோமீட்டர் நடந்தால் வழி இருக்கிறதே" என்று பதில் வந்தது. ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்த்த கால்கள் நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்! நடுத்திட்டில் செடிகள் மிதிபட்டு ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. அதைப் போட்டோ எடுத்து, மறுபடி எழுதினேன். விளக்கு வந்தது. வழி வரவில்லை. மூன்றாவது தடவையாக எழுதியிருக்கிறேன்.

'பார்த்துப் போகாதது அவள் தப்பு' என்று சொல்லிவிடுகிறோம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவோ, சாலை அமைப்பில் விதியை மீறி அதனால் உயிர் போனால், பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.

அந்தப் பெண் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடக்கப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "பஸ் போகட்டும்டீ. அது மறைச்சா லாரிக்காரனுக்கு உன்னைத் தெரியாது." பஸ் போனதும் இரண்டு பேருமாகக் கடந்தோம்.