கப்சாய் வண்டியின் கதை



நம் தோட்டங்களில் 'கப்சாய்' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஹோண்டா நிறுவனத்தின் 'கப்' என்ற பெயரோடு, சீனப் பேச்சு வழக்கில் 'சின்னது' எனப் பொருள்படும் 'சாய்' சேர்ந்து இப்பெயர் வந்தது என்பர். இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டார் சைக்கிளையும் நாம் கப்சாய் என்றே அழைக்கிறோம். இந்த வண்டி எப்படிப் பிறந்தது? பழைய வண்டி ஒன்று வீட்டில் கிடந்தால் அதை என்ன செய்யலாம்? இவற்றை இன்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பேருந்தும் ரயிலும் போதவில்லை. 1946-ஆம் ஆண்டில் சொயிச்சிரோ ஹோண்டா என்ற பொறிவல்லுநர், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறிய எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தினார். 1948-இல் ஹோண்டா நிறுவனம் தொடங்கியது. 1952-இல் சைக்கிளின் பின்சக்கரத்தருகே மாட்டக்கூடிய 'கப்' என்ற எஞ்சின் வெளிவந்தது. எஞ்சின் சிவப்பு, எண்ணெய்த் தொட்டி வெள்ளை. அதை விற்க வழி தேடிய தாக்கேயோ புஜிசாவா என்ற பங்காளி, நாடெங்கும் இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். சைக்கிள் கடைக்காரர்களே மோட்டார் வியாபாரிகள் ஆனார்கள்.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. 1954-இல் இந்நிறுவனம் 'ஜூனோ' என்ற ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. காற்றுத் தடுப்புக் கண்ணாடியும், பொத்தானை அழுத்தினால் உயிர்பெறும் எஞ்சினும் அதில் இருந்தன. ஆனால் வண்டி கனமாக இருந்தது, எஞ்சினும் சூடேறியது. மக்கள் அதை விரும்பவில்லை.

1956-இல் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஐரோப்பா சென்று, அங்கே ஓடிய மொபெட்டுகளையும் ஸ்கூட்டர்களையும் பார்த்தார்கள். அந்த ஸ்கூட்டர்களின் சிறிய சக்கரம் நல்ல தார்ச்சாலைக்குத்தான் ஏற்றது. குண்டும் குழியுமான மண் பாதையில் அது விழுந்து எழும். ஆகவே சைக்கிளைப் போன்ற பெரிய சக்கரம் வேண்டும். மோட்டார் சைக்கிளைப் போன்ற பலமும் வேண்டும். ஆனால் ஸ்கூட்டரைப் போல எளிதாகக் காலெடுத்து வைத்து ஏறவும் வேண்டும். உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றார் புஜிசாவா. 1958 ஆகஸ்டில் வந்த 'சூப்பர் கப்' இந்தத் தேவைகளுக்கெல்லாம் விடை கூறியது.

ஒரு கையால் ஓட்டுவது எப்படி முடிந்தது? சாதாரண மோட்டார் சைக்கிளில் கியர் மாற்ற இடது கையால் கிளட்சைப் பிடிக்க வேண்டும். சூப்பர் கப்பில் அந்தப் பிடி இல்லை. திருவிழாவில் குடைராட்டினம் பார்த்திருப்பீர்கள். அது வேகமாகச் சுற்றும்போது தொங்கும் இருக்கைகள் வெளிப்பக்கம் விரிகின்றன அல்லவா? அதைப் போலவே, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உள்ளே இருக்கும் சிறு எடைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக் கிளட்சைத் தாமாகவே பிணைக்கின்றன. வேகம் குறைந்தால் விட்டுவிடுகின்றன. கியர் மிதியைக் காலால் அழுத்தும்போதும் கிளட்ச் விடுபடும். ஆகவே கைக்கு வேலை இல்லை.

இரண்டாவது சிறப்பு, எஞ்சின் நான்கடி முறையில் இயங்குவது. பெட்ரோல் கலந்த காற்றை இழுத்தல், அமுக்குதல், எரித்துத் தள்ளுதல், புகையை வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளை அது வரிசையாகச் செய்கிறது. அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவும் ஈரடி முறையில் ஓடின. அவற்றில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும், புகை மண்டும். நான்கடி எஞ்சினில் எண்ணெய் அடியில் தனியாகத் தங்கும். பெட்ரோல் செலவும் குறைவு. முதல் வண்டியின் எஞ்சின் கொள்ளளவு 49 கன சென்டிமீட்டர்தான். பின்னர் 70, 90 எனப் பெரிய எஞ்சின்களும் வந்தன.

மலாயாவில் ஹோண்டா வண்டிகளைப் பரப்பியவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பட்டறையில் உழைத்து முன்னேறியவர் அவர். 1950களின் கடைசியில் அவர் தொடங்கிய வியாபாரத்தால் ஹோண்டாவும் 'பூன் சியூ' என்ற பெயரும் மக்கள் வாயில் ஒன்றாகவே வழங்கின.

பால்மரக் காட்டின் செம்மண் பாதைக்கு இந்த வண்டி பொருத்தமாக அமைந்தது. சேலையோ சாரோங்கோ கட்டிய பெண்களும் தயக்கமின்றி ஏறினார்கள். முன்னுள்ள காப்புத்தகடு சேற்றைத் தடுத்தது. சங்கிலியை மூடிய உறை மண்ணைத் தடுத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போனபோது, நம் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குச் சென்றதும் இதே வண்டியில்தான். பெட்டாலிங் ஜெயா நகரமே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தில் எழுந்ததுதான். பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், ரப்பர் மரங்கள் நின்ற அதே மண்ணில் ஆலை வேலை பார்த்தார்கள். பெட்டாலிங் ஜெயா வழியாகக் கிள்ளான் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே 1970களில் தனிப்பாதை அமைந்தது என்றால், எத்தனை பேர் இவ்வண்டியை நம்பி வாழ்ந்தார்கள் என்பது விளங்கும். 2017-இல் உலகெங்கும் தயாரான கப் வகை வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியை எட்டியது.

இப்போது, வீட்டுப் பின்புறம் தாத்தாவின் பழைய வண்டி துருப்பிடித்துக் கிடந்தால் என்ன செய்வது? பழைய இரும்பு விலைக்கு அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பழைய கப் வண்டிகளைத் தேடி வாங்கிச் செப்பனிடுவோர் இன்று பலர் உண்டு. முதலில் பதிவுப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால், பெயர் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டு முறைப்படி செய்யுங்கள். பத்திரமின்றி வண்டியை விற்பதும் வாங்குவதும் பின்னால் வம்பாக முடியும். அசல் பாகங்களையும் தூக்கி எறியாதீர்கள். வண்டியின் மதிப்பு அவற்றில்தான் உண்டு.

ஓட்டவே விரும்பினால், எஞ்சினை உதைக்கும் முன் பழைய எண்ணெயை மாற்றுங்கள். இந்த எஞ்சின் கொள்வது ஒரு லிட்டருக்கும் குறைந்த எண்ணெய்தான். அது வற்றினால் எஞ்சின் இறுகிப்போகும். வெடித்த டயரையும் தேய்ந்த பிரேக்கையும் புதிதாக்குங்கள். பழைய ஆறு வோல்ட் விளக்கின் ஒளி மங்கலானது. இரவுப் பயணத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 1973 முதல் நம் நாட்டில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். ஆயினும் நம் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று வெறுந்தலையுடன் கிளம்பும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துங்கள். கவசத்தின் வாரையும் பூட்டச் சொல்லுங்கள். வார் பூட்டாத கவசம் விழும்போது தலையை விட்டுப் போய்விடும். வண்டி பழையதோ புதியதோ, வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புவதே குடும்பத்துக்கு வேண்டியது.